‘கைண்ட்லி’ என்கிற சொல்லும் முசஃபா வேலுச்சாமியும்

அபுதாபி முசஃபாவில் எண்ணெய்த் தொட்டி கட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டறையில் இங்கிலீஷ் கடுதாசியை ஸ்லோவாக் மொழியில் எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் வேலுச்சாமி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் படித்த ஐந்தாம் வகுப்பு. ஆபீஸ் ரூமில் ஏசிக்குக் கீழே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் டிகிரி. இரண்டு டிகிரி வைத்திருக்கிறவனும் உண்டு. ஸ்லோவாக்கியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பதினோரு பேரும் போனைத்தான் எடுப்பார்கள்.

வேலுச்சாமி வந்தது தொண்ணூற்று ஒன்றில், பம்பாய் ஏஜெண்ட் வழியாக, ஹெல்பர் விசாவில். கேம்பில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர். இங்கிலீஷை அவர் எந்த வாத்தியாரிடமும் படிக்கவில்லை, போர்டுகளில் படித்தார். கேட்டில் ஒரு போர்டு, கேஸ் சிலிண்டர் அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு போர்டு, கக்கூஸில் ஒரு போர்டு. எந்தப் போர்டை மீறினால் ஃபோர்மன் கெட்ட வார்த்தை சொல்கிறான், எதை மீறினால் சும்மா போகிறான் என்று பார்த்துப் பார்த்தே அர்த்தம் பிடித்தார். அப்படிப் பிடித்த அர்த்தம் இன்று வரை ஒன்றுகூடப் பிசகியதில்லை. அகராதியைப் பார்த்துப் படித்தவனால் இதைச் சொல்ல முடியுமா?

இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பெரிய ரோலிங் மெஷின் வந்தது. மூன்று உருளை, ஒவ்வொன்றும் தென்னை மரத்தைவிட இரண்டு மடங்கு தடிமன். தட்டையாக உள்ளே போகிற இரும்புத் தகடு மறுபக்கம் வளைந்து தொட்டிச் சுவராக வெளியே வரும். மெஷின் ஸ்லோவாக்கியாவில் செய்தது. கூடவே நான்கு ஸ்லோவாக்குக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் இரண்டாம் வாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் மூன்று பேருக்கும் ரஷ்ய மொழி தெரியும், ஜெர்மன் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அவர்களும் பெரிய அறிவாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜூலை மாத மத்தியானத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய உட்கார்ந்த கூட்டம் அது. ஒருத்தனை டிரிப்ஸ் ஏற்றித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை வேலுச்சாமிக்கு வந்தது. எட்டு மாதம். க்லதிவோ என்றால் சுத்தியல், க்லூச் என்றால் ஸ்பானர் என்று தொடங்கியது. எட்டாம் மாதம் முடியும்போது அவர்களோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு மொழி வந்துவிட்டதா இல்லையா என்பதற்கு வேலுச்சாமியிடம் அது ஒன்றுதான் கணக்கு. சண்டை போட வருகிறதா, வந்துவிட்டது.

அந்த மூவரில் தலைவர் ஹுதாக். முழுப் பெயர் ரஸ்திஸ்லாவ் ஹுதாக். ஆனால் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவருக்குக் கீழே இருபது வருசம் நட்டு முடுக்கினவன்கூட ‘பான் இன்ஷினியேர்’ என்றுதான் சொல்வான். இஞ்சினியர் ஐயா என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் நாட்டில் படித்து வாங்கின பட்டத்தைச் சொல்லாமல் கூப்பிடுவது முகத்துக்கு நேரே காலை நீட்டி உட்காருவது மாதிரி. இதை வேலுச்சாமி முதல் வாரத்திலேயே கவனித்துக்கொண்டார். மரியாதை எந்த வார்த்தையில் இருக்கிறது என்பதை ஹெல்பராக இருந்தவன் சீக்கிரம் கண்டுபிடிப்பான். அவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

அதற்குப் பிறகு வருசா வருசம் மெஷினைப் பிரித்துச் சரிபார்க்க ஹுதாக் ஆட்களோடு வருவார், ஆபீஸ் இங்கிலீஷில் எழுதும், வேலுச்சாமி ஸ்லோவாக்கில் சொல்வார். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று ஆபீசுக்கு ஒரு வாக்கியம் உண்டு. கஸ்டம்ஸில் சாமான் மாட்டிக்கொண்டாலும் அதுதான், லீவு கிடையாது என்றாலும் அதுதான். ஒருமுறை ஸ்லோவாக் ஃபிட்டர் ஒருவனுடைய தகப்பன் செத்துப்போன செய்தி ஆபீஸ் மெயிலுக்கு வந்தது. அதற்கும் அதையே அடித்து வேலுச்சாமி கையில் கொடுத்தார்கள். சாமான் மாட்டினபோது வேலுச்சாமி சொன்னது, வரலை, அடுத்த வாரம். லீவுக்குச் சொன்னது, கிடையாது, கேட்காதே. சாவுச் செய்தி வந்த அன்று கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஊப்ரிம்னூ சூஸ்த்ராஸ்த்’ என்று சொன்னார். அந்த நாட்டில் சாவு வீட்டில் சொல்கிற வார்த்தை அது. தன் தகப்பனார் தவறின வருசம் ஹுதாக் இதே மாதிரி நின்று தன் கையைப் பிடித்துச் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தார். அடித்துக் கொடுத்த டிகிரிக்கு மூன்று இடத்துக்கும் ஒரே எழுத்து. வேலுச்சாமிக்கு மூன்றும் மூன்று வேலை.

இப்படியே பதினெட்டு வருசம் ஓடியது. வேலுச்சாமிக்கு அறுபது முடிந்தது. மார்ச்சில் விசா முடிகிறது. அறுபதுக்கு மேலே போனவருக்கு ரினியூவல் போடுவதா வேண்டாமா என்று மேனேஜர் மக்தூம் முடிவு செய்ய வேண்டும். அந்த நவம்பரில்தான் பாலகுரு வந்து நின்றான்.

பாலகுரு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், அந்த இரண்டு டிகிரிக்காரன். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு, கல்யாணமாகி இரண்டு குழந்தை. டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்று வேலை, அதாவது காகிதத்தை அடுக்குகிறவன். வேலுச்சாமியிடம் நூற்று நாற்பது இங்கிலீஷ் வார்த்தையும் வாக்கியமும் எழுதிய எக்செல் தாளைக் காட்டினான். எதிரே ஸ்லோவாக் அர்த்தத்தைச் சொன்னால் போதும், போன் அப்ளிகேஷனில் ஏற்றிவிட்டால் அதுவே பேசிக்கொள்ளும், இனிமேல் அண்ணனுக்குச் சிரமம் இல்லை என்றான்.

சிரமம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று வேலுச்சாமிக்குத் தெரியாதா? ரிசப்ஷனில் இருக்கிற மர்ஜானா காயல்பட்டினத்துப் பெண். டீ வாங்கப் போனபோது அவளும் தணிந்த குரலில் சொன்னாள்.

“அண்ணாச்சி, லிஸ்ட் முடிஞ்சா உங்களுக்கு ரினியூவல் வேணாம்னு பேச்சு ஓடுது. பாத்துச் சொல்லுங்க.”

“நூத்து நாப்பதும் சொல்லிட்டுப் போறேன் தாயி. ஒண்ணுகூட மறைக்க மாட்டேன். அதை வச்சு அவன் என்ன கிழிக்கிறான்னு பாக்கணும்ல.”

ஊருக்குப் போவது அவருக்குப் பெரிய விசயம் இல்லை. மாடி வீடு கட்டியாகிவிட்டது, இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, யாரிடமும் கை நீட்டாமல். ஆனால் ஒரு போன் வந்து உட்கார்ந்து, இடம் காலி பண்ணு என்று சொன்னதால் போனான் என்று ஒருத்தன் பேசக் கூடாது. வேண்டும் என்று இவர்கள் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு இருப்பதா போவதா என்று அவர் சொல்ல வேண்டும். வரப்போகிற மார்ச்சை நினைத்தால் அவருக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

லிஸ்டின் முதல் வரியில் ‘கைண்ட்லி’ இருந்தது. அர்த்தம் கேட்டான் பாலகுரு.

“எங்க போட்டிருக்கு?” என்றார் வேலுச்சாமி.

“எங்கயும் இல்லண்ணே. பொதுவா.”

“பொதுவா ஒண்ணும் கெடையாது தம்பி. மெஷின் மேல ஒட்டியிருந்தா கையை வைக்காதேன்னு அதட்டல். மந்திரி ஆபீசுக்குப் போற கடுதாசின்னா காலைப் பிடிக்கிறது. மேனேஜர் ஃபோர்மனுக்கு எழுதினா, செய்யலைன்னா தொலைஞ்சேன்னு அர்த்தம். இதுல உனக்கு எது வேணும்?”

தாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரு அர்த்தம்தான் போகும் என்றான் பாலகுரு. சரி, ‘ப்ரோசீம்’ என்று போட்டுக்கொள் என்றார் வேலுச்சாமி. தயவுசெய்து என்பதற்கு அங்கே அதுதான். அவனும் திருப்தியாக அடித்துக்கொண்டான். இரண்டே நாளில் நூற்று நாற்பது கட்டமும் நிரம்பிவிட்டது. அவன் தாளைப் பார்த்துச் சந்தோசப்பட்டதைப் பார்த்தால், டிபன் பாக்ஸ் நிறைய சோறு கட்டிக்கொண்டு போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அந்தச் சந்தோசம் வராது.

ஜனவரியில் ஹுதாக் இரண்டு ஃபிட்டர்களோடு வந்தார். பத்து நாள் வேலை. வேலுச்சாமியைக் கேஸ் சிலிண்டர் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் ஹுதாக் வேலு எங்கே என்று கேட்டாராம். பாலகுரு போனைத் தூக்கிக் காட்டினானாம். ஹுதாக் போனையும் பார்த்து, இவனையும் பார்த்துவிட்டு மெஷின் பக்கம் போனாராம்.

ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரும்பு வேலைக்குப் பேச்சு எதற்கு? எட்டாம் நாள் மெஷினை ஓட்டிப் பார்த்தபோது இடது பக்க ஹைட்ராலிக் சிலிண்டரில் ஆயில் கசிந்தது. மேல் உருளையைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறது அந்த ஆயிலின் அழுத்தம்தான். அது குறைந்தால் தொட்டி வட்டமாக வராது, கோழிமுட்டை மாதிரி வரும். மெக்கானிக் அருள்முருகன் பார்த்து மேனேஜரிடம் சொன்னான். மேனேஜருக்குக் கோபம். திங்கட்கிழமை புதுத் தொட்டி வேலை தொடங்க வேண்டும், ஹுதாக்குக்கோ சனிக்கிழமை ஃபிளைட். உடனே கடுமையாக ஒரு லெட்டர் போடு என்று பாலகுருவிடம் சொன்னார்.

பாலகுருவும் போட்டான். வளைகுடா ஆபீஸ் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘டியர் ராஸ்தோ’ என்று ஆரம்பம், ரஸ்திஸ்லாவைச் செல்லமாகச் சுருக்கினது. ஹுதாக்கின் வாட்ஸப்பில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறான், அதையே எடுத்துப் போட்டுவிட்டான். ஹுதாக்கை அப்படிக் கூப்பிடுகிற உரிமை அவர் பெண்சாதி ஒருத்திக்குத்தான். பிறகு நாள் நல்வாழ்த்து, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிற நம்பிக்கை. அதற்குப் பிறகு, சிறிய எண்ணெய்க் கசிவு ஒன்று தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது, தங்களுக்கு வசதிப்படும் முதல் வேளையில் அன்புகூர்ந்து பார்த்தால் பெரிதும் பாராட்டுவோம் என்று போனது. இருநூறு வார்த்தை. மர்ஜானா அதைப் படித்துவிட்டு, ஹுதாக்குக்குச் சரியான சூடு என்றாளாம். இங்கே வேலை பார்க்கிற யார் படித்தாலும் அது சூடுதான்.

போன் அதை வரிக்கு வரி ஸ்லோவாக்கில் மாற்றியது, ‘கைண்ட்லி’க்கு ‘ப்ரோசீம்’ உட்பட. ஹுதாக் படித்தார். என்னைப் பெண்சாதி மாதிரி கூப்பிடுகிறான், என் உடம்பை விசாரிக்கிறான், சின்னக் கசிவாம், எனக்கு எப்போது வசதியோ அப்போது பார்க்கலாமாம். சரி. நோட்டை எடுத்து அடுத்த வருச வேலைக் கணக்கில் எழுதிக்கொண்டு, ஒரு வரி பதில் போட்டார். பார்த்துக்கொண்டேன், அடுத்த வருசம்.

ஆபீஸ் கொதித்தது. எவ்வளவு திமிர் என்றான் பாலகுரு. இரண்டாவது லெட்டர் முதலாவதைவிடக் கடுமை, அதாவது முதலாவதைவிடப் பணிவு. முடிவில், தங்கள் விலைமதிப்பில்லாத ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி என்று வேறு. இங்கே முன்கூட்டியே நன்றி என்றால் செய்தே ஆக வேண்டும் என்று கழுத்தைப் பிடிப்பது. ஹுதாக்கின் ஊரில் நன்றி சொன்னால் வேலை முடிந்தது, போய்வா என்று அர்த்தம். அவர் ஃபிட்டர்களைக் கூப்பிட்டு டூல் பாக்ஸைக் கட்டச் சொல்லிவிட்டார். வேலை முடித்து மெஷினை ஒப்படைக்கிற ஹேண்டோவர் பேப்பரில் கையெழுத்து வாங்கப் போன பாலகுருவிடம், என்னை ராஸ்தோ என்று கூப்பிடுகிறவனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று அவன் நீட்டிய போன் வழியாகவே சொல்லிவிட்டார். ஆக, ஆயில் ஒழுகுகிறது, பேப்பரில் கையெழுத்து இல்லை, அவர் போட்டுக் கொடுக்காமல் மெஷினை ஓட்டக் கூடாது. இரண்டு டிகிரி, ஒரு போன், நூற்று நாற்பது கட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் அருள்முருகன் யார்டுக்கு ஓடி வந்தான். மேனேஜர் கூப்பிடுகிறாராம், யல்லா யல்லா, சீக்கிரம் வாங்க என்று இழுத்தான். வேலுச்சாமி சிலிண்டருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். என்னை யார்டுக்கு அனுப்பினவர் யாரோ அவரே வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த சிலிண்டருக்குப் போனார். அருள்முருகன் வந்த வழியே திரும்பி ஓடினான்.

கால் மணி நேரம் கழித்து மக்தூமே வந்தார். கீழக்கரைக்காரர், நல்ல மனுசன்தான், ஆனால் படித்தவன் சொன்னால் நம்பிவிடுகிற வியாதி அவருக்கு உண்டு. வெள்ளைச் சட்டையில் தூசி படிய வெயிலில் நின்றார்.

“வேலு, அவரு நாளைக்குப் போயிருவாரு. திங்கக்கெழமை தொட்டி தொடங்கலைன்னா நான் மொதலாளி மூஞ்சில முழிக்க முடியாது. வாங்க.”

“போன் என்ன ஆச்சு பாய்?”

“போனைப் பத்திப் பேசாதீங்க.”

“சரி. எழுதின கடுதாசியைக் காட்டுங்க.”

மக்தூம் இரண்டு கடுதாசியையும் காட்டினார். வேலுச்சாமி விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க நேரமாகும், புரிய நேரமாகாது. ‘டியர் ராஸ்தோ’ வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது கடுதாசியின் நன்றியைப் பார்த்ததும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மக்தூம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த வியர்வையை வேலுச்சாமி கொஞ்ச நேரம் பார்த்தார். பதினெட்டு வருசத்தில் ஒருமுறை பார்க்கலாம், தப்பில்லை.

ஸ்லோவாக்குக்காரர்களின் ரூமில் ஹுதாக் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வேலுச்சாமி வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றினார். மக்தூமும் பாலகுருவும் பின்னால் நின்றார்கள். பாலகுரு கையில் போன், பழக்க தோசம்.

“தோப்ரி தெஞ், பான் இன்ஷினியேர்” என்றார் வேலுச்சாமி. வணக்கம், இஞ்சினியர் ஐயா.

ஹுதாக் எழுந்து நின்றார்.

“ஓலெய் தெச்சியே. த்னெஸ்.”

ஆயில் ஒழுகுது, இன்னைக்கு. அவ்வளவுதான். இரண்டு கடுதாசி, நானூறு வார்த்தை, அதற்குள்ளே இருந்த சரக்கு இந்த மூன்று வார்த்தை. ஹுதாக் எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது சிலிண்டர் என்றார் வேலுச்சாமி. ஹுதாக்கின் முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் ஏன் ஒருத்தனும் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னார்கள், இவர்கள் சொல்கிற விதம் அது, கோபம் வந்தால் இப்படித்தான் கொஞ்சுவார்கள் என்று வேலுச்சாமி விளக்கினார். ஹுதாக் மக்தூமையும் பாலகுருவையும் மேலும் கீழும் பார்த்தார். பெட்டியைத் திறந்து வேலை உடுப்பை எடுத்து மாட்டினார். ஃபிட்டர்கள் கட்டின டூல் பாக்ஸைப் பிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் சிலிண்டரின் ரப்பர் சீல் மாற்றியாகிவிட்டது. ஒரு தகடை உள்ளே விட்டார்கள், கோலமாவில் போட்ட சுழி மாதிரி வட்டமாக வெளியே வந்தது.

மிச்சம் இருந்தது ராஸ்தோ விவகாரம். பாலகுரு அதற்கும் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தான். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம் என்று என்னவோ இருந்தது. இதை ஸ்லோவாக்கில் சொல்லுங்கண்ணே என்று கெஞ்சினான். வேலுச்சாமி தாளை வாங்கி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு ஸ்லோவாக் கெடையாது. போய் எதிர்ல நில்லு, கண்ணைப் பாரு, கையைக் குடு. வாயை மட்டும் தொறந்துறாத.”

பாலகுரு போய் நின்றான். கையைக் கொடுத்தான். ஹுதாக் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டார். அத்தோடு முடிந்தது. அந்த மனுசர்களுக்கு வன்மம் கிடையாது. அந்த அளவில் அவர்கள் தேவலை.

ஹேண்டோவர் பேப்பர் இரண்டு மொழியில் இருந்தது. ஹுதாக் இங்கிலீஷ் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்லோவாக் பக்கத்தை வேலுச்சாமியிடம் தள்ளினார். இதில் எழுதியிருப்பதும் அதில் எழுதியிருப்பதும் ஒன்றுதான் என்று வேலு கையெழுத்துப் போட்டால் நான் போடுகிறேன் என்றார். மக்தூம் தன் பேனாவை எடுத்து நீட்டினார். வேலுச்சாமி இங்கிலீஷ் பக்கத்தைப் பாலகுருவையும் ஸ்லோவாக் பக்கத்தை ஹுதாக்கையும் படிக்கச் சொல்லிக் கேட்டார், ஒரு வரியில் நிறுத்தி மாற்றச் சொன்னார், மாற்றிக்கொண்டு வந்த பிறகு ‘வே. வேலுச்சாமி’ என்று தமிழில், கட்டத்தைத் தாண்டி, பெரிதாகப் போட்டார். பக்கத்தில் ஹுதாக்கின் கையெழுத்து பூச்சி மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் மர்ஜானா யார்டுக்கே வந்து ஒரு கவர் கொடுத்தாள். கம்பெனி தலைப்புப் போட்ட தாள். வேலுச்சாமிக்கு விரல் வைத்துப் படிக்கத் தெரியும்தான், ஆனால் பாலகுருவைக் கூப்பிட்டு வரச்சொன்னார். அவனும் வந்து நின்று படித்துத் தமிழில் சொன்னான். தங்கள் நீண்டகால, மதிப்புமிக்க சேவையைக் கருத்தில் கொண்டு, நிர்வாகம் அன்புகூர்ந்து தங்கள் பணி ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்க இசைவு தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறது, தாங்கள் இதைக் கனிவுடன் ஏற்று உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

“கைண்ட்லி எத்தனை எடத்துல வருது?” என்று கேட்டார் வேலுச்சாமி.

பாலகுரு எண்ணிப் பார்த்தான். “ரெண்டு எடம்ணே.”

“உனக்கு அர்த்தம் வெளங்கலைல?”

“சொன்னேனேண்ணே, ரெண்டு வருசம் நீட்டிப்பு...”

“நீ இல்லாம எங்களுக்கு ஆகலைன்னு எழுதியிருக்குடா. அதைச் சொல்ல வாய் வராம ஒரு பக்கத்துக்கு இழுத்திருக்கான்.”

தாளை வாங்கி நாலாக மடித்து வேலை உடுப்புப் பைக்குள் வைத்தார். ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிடட்டுமா என்று பாலகுரு கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு என்றார் வேலுச்சாமி. அவன் தலையாட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பக் கூப்பிட்டார்.

“அதை இங்கிலீஷ்ல எழுதியே குடு. நல்லா மரியாதையா, ஒரு பக்கத்துக்கு எழுது.”